முப்பது நெஞ்சு ஒரு டப்பா

விரூ பள்ளத்தாக்கில் மழை கிடையாது.
மலையிலிருந்து கால்வாய் கொண்டுவரும் தண்ணீரில்
பெரு நாட்டு மணலைப் பிளந்து
முள்ளும் செதிலுமாக எழும்புகிறது ஆர்ட்டிசோக்.
பூக்க விடமாட்டோம்.
பூத்தால் ஊதா, அத்தனை அழகு,
காசுக்கு ஆகாது.

வெந்த சூடு ஆறாமல் பெல்ட்டில் உருண்டு வரும்.
காம்பைத் தட்டிவிட்டு
வெளி இதழ், அடுத்தது, அதற்கும் அடுத்தது,
பச்சை வெளிறி மஞ்சளாகும் இடத்தில்
கை தானாக நிற்க வேண்டும்.
ஓர் இதழ் கூட உரித்தால் எடை போச்சு,
எடையோடு கூலியும்.
ஓர் இதழ் விட்டுவைத்தால்
ஸ்பெயினில் யாரோ ஒருவர் பல்லில் நார் சிக்கும்.
இஞ்சினியர் சாந்தியான்
கூடையோடு கொண்டுவந்து என் முன் கவிழ்ப்பார்.

நெஞ்சு என்றுதான் நாங்களும் சொல்வோம்.
இன்றைக்கு எத்தனை கிலோ நெஞ்சு, எவுலாலியா?
நாற்பத்திரண்டு.
உன் நெஞ்சு சின்னது, அந்தப் பக்கம் போடு.
பெரிய நெஞ்சு முப்பது ஒரு டப்பா,
சின்னது அறுபது.
முதல் வாரம் சிரிப்பு வந்தது.

கையுறை போட்டால்
நார் எங்கே முடிகிறதென்று விரலுக்குத் தெரியாது.
ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் போடுவோம்.
மற்ற நாளெல்லாம் கறை.
எலுமிச்சைக்குப் போகாது, ப்ளீச்சுக்குப் போகாது.
ஞாயிறு பூசையில்
அப்பத்துக்குக் கை நீட்டாமல் வாய் திறக்கிறேன்.
பக்தி கூடிவிட்டது என்கிறார் பாதிரியார்.

ஆகஸ்டில் ஒரு திங்கள்
வாசல் இயந்திரம் என் விரலைத் தள்ளிவிட்டது.
சிவப்பு எழுத்து: அடையாளம் இல்லை.
பாவாடையில் துடைத்து வைத்தேன்.
எச்சில் தொட்டு வைத்தேன்.
நடுவிரலை வைத்தேன்.
பின்னால் நாற்பது பேர்,
பனிமூட்டம், இருமல்.
"பெயர்?" என்கிறான் காவலாளி,
முந்தாநாள் என்னிடம்
தீப்பெட்டி இரவல் வாங்கிப்போனவன்.
சொராய்தா, என்றேன்.
"இயந்திரம் சொல்லட்டும்" என்றான்.

உள்ளே விட்டார்கள்.
அரை நாள் கூலி மட்டும் வெளியே நின்றுவிட்டது.

அன்று மாலை ஒரு டப்பா நசுங்கிக் கிடந்தது.
நெஞ்சறியச் சொல்கிறேன், நான் திருடவில்லை.
பார்த்தேன்.
வீட்டில் பையைத் திறந்தபோது
அதற்குள் இருந்தது.

ஏழு பருவம் உரித்தவள்
ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை.
வெங்காயம் வதக்கி, மஞ்சள் மிளகாய் அரைத்து ஊற்றி,
நான்காக வெட்டிய நெஞ்சைப் போட்டுப் பிரட்டினேன்.
இருந்த இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினேன்.
வில்டர் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தார்.
"உருளைக்கிழங்குக்கும் எதற்கும் நடுவில் இருக்கிறது?"
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
மெத்தென்று இருந்தது.
பின்னால் மெல்ல ஒரு கசப்பு,
கோபமில்லாத கசப்பு.

சின்னவள் பிரிசெய்தா தண்ணீர் குடித்துவிட்டு
டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அம்மா, சீனி போட்டாயா?"

லாரித் தண்ணீர் அது.
நீல டிரம்மில் மூன்று நாளாகக் கிடந்து
குளோரினும் துருவும் நாறுவது.
வில்டர் குடித்தார். நான் குடித்தேன்.
தித்தித்தது.
யாரும் எதுவும் பேசாமல்
இன்னொரு டம்ளர், இன்னொரு டம்ளர் என்று
பாதி டிரம்மைக் காலி செய்தோம்.
வியாழன் வரை லாரி வராது
என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் வாசலில்
ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே வந்தேன்.
ஒன்பதையும் தள்ளியது.
இடக்கைச் சுண்டுவிரலுக்குப் பச்சை விளக்கு.
பதிவேட்டில் இப்போது நான் அந்த விரல்தான்.

உரிக்கும்போது அதை மட்டும்
சாறு படாமல் சற்றுத் தூக்கி வைத்திருக்கிறேன்.
"சீமாட்டி காப்பி குடிக்கிறாள், பாருங்கடி"
என்கிறாள் எவுலாலியா.
சிரிக்கட்டும்.
எடைத் தட்டில் இன்றைக்கு நாற்பத்தைந்து கிலோ.